மீனின் வயது: செவிக்கல் முதல் டி.என்.ஏ. கடிகாரம் வரை

முன்னுரை

ஒரு மீனினத்தை எந்த அளவிற்குப் பிடிக்கலாம் என்னும் முடிவு, அம்மீன்களின் வயதை அறிவதைச் சார்ந்துள்ளது. வயதறியும் முறைகள் மாறிவந்த வரலாற்றில் டி.என்.ஏ. வழிக் கணிப்பு பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வளையங்களை எண்ணுதல்

1759இல் சுவீடனின் ஹான்ஸ் ஹெடர்ஸ்ட்ரோம் மீனின் முள்ளெலும்பு வளையங்களை எண்ணி வயதைக் கணித்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் செதில்களையும், உட்செவியிலுள்ள செவிக்கற்களையும் இதற்குப் பயன்படுத்தினர். செவிக்கல்லை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும் என்பது இம்முறையின் குறை. ஒரு வளையம் ஓராண்டைக் குறிக்கிறது என்பதும் இனந்தோறும் மெய்ப்பிக்கப்பட வேண்டிய கருதுகோளே ஆகும்.

ஆழ்கடல் மீனான ஆரஞ்சு ரஃபி இதற்குச் சான்று. நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களில் இம்மீன்பிடிப்பு பெருகிய காலத்தில் இதன் வாழ்நாள் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. 1991இல் வெளியான செவிக்கல்லின் கதிரியக்க ஆய்வு, இம்மீன் நூறாண்டுக்கு மேலும் வாழும் எனக் காட்டியது. அதற்குள் பெருந்திரள்கள் பல அழிந்துவிட்டன.

டி.என்.ஏ. கடிகாரம்

வயது கூடக்கூட, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் தொகுதிகள் சேர்வதும் நீங்குவதும் ஓர் ஒழுங்கில் நிகழ்கின்றன. இதனைக்கொண்டு ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் மனிதத் திசுக்கள் பலவற்றுக்கும் பொருந்தும் கடிகாரத்தை உருவாக்கினார். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இம்முறையை 2020இல் வரிக்குதிரை மீனுக்கும், 2021இல் ஆஸ்திரேலிய நுரையீரல் மீன், மர்ரே காட், மேரி ஆற்றுக் காட் ஆகியவற்றுக்கும் விரிவாக்கினர். துடுப்பின் சிறுதுண்டே போதுமாதலால் மீன் உயிருடன் மீள்கிறது. 1938இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்ட ‘மெத்தூசலா’ என்னும் நுரையீரல் மீனின் வயது, 2023இல் இவ்வாறே ஏறத்தாழ 92 எனக் கணிக்கப்பட்டது.

எனினும் இக்கடிகாரம் தானே இயங்குவதன்று. வயது தெரிந்த மீன்களைக்கொண்டே அது அளவுதிருத்தம் பெறுகிறது. நுரையீரல் மீனில் அவ்வயதைத் தந்தவற்றுள் ஒன்று, அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் மிகுந்து செதில்களில் பதிந்த கதிரியக்கக் கார்பன்.

முடிவுரை

டி.என்.ஏ. முறை பழைய முறைகளை விலக்கிவிட்டு வந்ததன்று; அவற்றின் மேல் எழுந்தது. அடிப்படை வயது பிழையாயின் புதிய கடிகாரமும் அப்பிழையையே துல்லியமாகத் திருப்பிச் சொல்லும். கொல்லாது வயதறியும் வாய்ப்பு அருகிவரும் இனங்களுக்குப் பெரும்பேறு. அவ்வாய்ப்பு பயன்தர, அளவுதிருத்தத்திற்குரிய மீன்களின் வயது சார்பற்ற சான்றுகளால் உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதே ஆரஞ்சு ரஃபியின் வரலாறு உணர்த்தும் பாடம்.