சுக்கான் பிடித்த பொறி

வரிச்சிக்குடியிலிருந்து கிழக்கே சென்று வங்கக் கடலை நோக்கும்போதெல்லாம் 'மீகாமன்' என்ற பழந்தமிழ்ச் சொல் என் நினைவுக்கு வரும். கலத்தைச் செலுத்துபவன் என்பது அதன் பொருள். 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானபோதும், இங்கு வந்த கலங்களின் சுக்கானைப் பிடித்தது மனிதக் கையே.

அந்தக் கையின் வித்தையைக் கணக்காக்கி 1922இல் வெளியிட்டவர், ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலாஸ் மினோர்ஸ்கி. தேர்ந்த சுக்கானி, கப்பல் எவ்வளவு விலகிற்று என்று மட்டுமா பார்க்கிறான்? எத்துணை விரைவாக விலகுகிறது என்பதையும் உணர்கிறான். முகப்பு திரும்பி வரும்போதே சுக்கானைச் சிறிது எதிர்ப்புறம் திருப்பி அணை போடுகிறான். ஓயாது ஒரே பக்கம் தள்ளும் காற்றுக்கு ஈடாக அதைச் சற்றே சாய்த்தும் வைக்கிறான். இம்மூன்றையும் பொறிக்குக் கற்பித்தார் மினோர்ஸ்கி. 'நியூ மெக்சிகோ' என்னும் போர்க்கப்பலில் சோதனை வெற்றி கண்டது. ஆயினும் கடற்படை அதை அப்போது ஏற்கவில்லை. மாலுமிகள் விரும்பவில்லையாம், வியப்பென்ன!

பின்னர்க் கப்பல்தோறும் தானியங்கிச் சுக்கான் வந்தது. ஆனால், நேயர்களே, குறித்த திசையைத்தான் அது அறியும். இருளில் குறுக்கே நிற்கும் மீன்படகை அறியாது. ஆகவேதான் 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகள், கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் இருக்க வேண்டுமென்று கட்டளையிடுகின்றன. இக்கரையோரம் கப்பல் செல்லும் இரவில், மேல்தட்டில் விழித்திருக்கும் அந்த ஒருவரை நம்பியே நம்மவர் வலை விரிக்கின்றனர்.