வேலிக்கு அந்தப் பக்கம்

இரத்தினபுரியோ கேகாலையோ, சப்ரகமுவையில் ஒரு பட்டணம் விரிய வெளிக்கிட்டால் கொஞ்சத் தூரத்திலேயே தேயிலை, இறப்பர்த் தோட்ட வேலியில் முட்டிக்கொள்ளும். இந்த நெருக்கடி இன்று நேற்று வந்ததல்ல. உரிமை காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்றது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். கிராமத்தாரின் சேனைக் காடுகள் பல அப்படித்தான் தோட்டமாகின. ஊர் பள்ளத்து வயலோடு சுருங்கிற்று.

பின்னால் வந்த சட்டங்கள் மண்ணுக்குக் காவல் போட்டன. 100 ஏக்கரும் அதற்கு மேலுமான தோட்டங்களை அனுமதியின்றித் துண்டாடி விற்கக் கூடாது என்றது 1958ஆம் ஆண்டுச் சட்டம். வயலை நிரப்புவதற்கும் அனுமதி வேண்டும் என்றது 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம். இடையில் 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. சில தோட்டங்களைத் துண்டு போட்டுப் பகிர்ந்தபோது லயத்து ஆக்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

அவர்களை ஊரவர் என்றே யாரும் எண்ணவில்லை, அதுதான் காரணம். கிராமச் சபை வாக்கு 1930களின் இறுதியிலேயே தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமையும் போயிற்று. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டத்துப் பாதைக்கும் கிணற்றுக்கும் சபைப் பணம் போகாமல் தடுத்தது. தோட்டம் சபை எல்லைக்குள், தோட்டத்தார் சபைக்கு வாக்காளர்; சபையின் தார் மட்டும் வேலியோடு நின்றுவிடும்! அது திருந்த 2018 ஆயிற்று.

பட்டணத்தில் கடை வைத்த நம்மட ஆக்களுக்குக் கடை இலக்கமும் தெருப் பெயரும் இருந்தன. அவர்களிடம் கடனுக்கு அரிசி வாங்கிய லயத்தாருக்குக் கடிதம்கூடத் தோட்டக் கந்தோர் வழியாகத்தான் போனது.