இருமுறை மன்னிக்கப்பட்ட மாலுமி

கடற்படைக் கலகம் என்றதும் நம் தோழர்கள் பொதெம்கின் கப்பலையோ 1946 பம்பாய் எழுச்சியையோதான் சொல்வார்கள். 1910இல் பிரேசிலில் நடந்த சவுக்கடிக் கலகம் நம் பேச்சில் வருவதில்லை. நமக்கு மிக நெருக்கமான வரலாறு அதுதான் என்று கருதுகிறோம்.

பிரேசில் 1888இல் அடிமை முறையை ஒழித்தது. மறு ஆண்டு குடியரசானதும் கடற்படையில் சவுக்கடியையும் நீக்கியது. அடுத்த ஆண்டே சவுக்கு திரும்பி வந்தது. அதிகாரிகள் வெள்ளையர்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பலர் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஊர்த் தேநீர்க்கடைக்குத் திரும்புகிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த நவம்பரில் மினாஸ் ஜெராயிஸ் போர்க்கப்பலில் மார்செலினோ ரோட்ரிகஸ் என்ற மாலுமிக்கு 250 சவுக்கடி விழுந்தது. சக மாலுமிகளை நிற்கவைத்துப் பார்க்கச் செய்தார்கள். 22ஆம் தேதி இரவு கலகம் வெடித்தது. ஒருநாள் கோபம் அல்ல அது. புதிய கப்பல்களைப் பெற்றுவர இங்கிலாந்தின் நியூகாசில் சென்று தங்கியிருந்த மாலுமிகள், சங்கம் கட்டி உரிமை கேட்கும் தொழிலாளர்களை அங்கே கண்டிருந்தார்கள்.

தலைமை ஏற்றவர் ஜோவாவ் கேண்டிடோ. அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். அதிகாரிகள் இல்லாமலே நான்கு கப்பல்களைச் செலுத்தி, பீரங்கிகளைத் தலைநகர் ரியோவை நோக்கித் திருப்பினார்கள். குண்டு பட்டு இரண்டு குழந்தைகள் இறந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. முதன்மைக் கோரிக்கை சவுக்கடியை ஒழிப்பது. நான்கே நாளில் நாடாளுமன்றம் பொதுமன்னிப்பு அளிக்க, அதை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி, வேண்டாத மாலுமிகளை விலக்கலாம் என்று ஓர் அரசாணை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். டிசம்பரில் கடற்படை வீரர்களின் இன்னொரு கலகத்தைக் காரணம் காட்டி அவசரநிலை கொண்டுவந்து, பலரை சாட்டலைட் என்ற கப்பலில் ஏற்றி அமேசான் பகுதிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜோவாவ் கேண்டிடோ உட்பட 18 பேரைப் பாம்புத் தீவின் நிலவறை ஒன்றில் அடைத்தார்கள். கிருமி நீக்கம் என்ற பெயரில் அங்கே சுண்ணாம்பு தெளிக்கப்பட்டிருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து கதவு திறந்தபோது 16 பேர் செத்துக் கிடந்தார்கள். பிழைத்த இருவரில் ஒருவரான அவரை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1912இல் நீதிமன்றம் விடுவித்தது. கடற்படை வேலை போனது போனதுதான். ரியோ துறைமுகத்தில் மீன்கூடை சுமந்து பிழைத்தார். 1969இல் வறுமையில் இறந்தார்.

ஆனால் சவுக்கு மறுபடி வரவில்லை. அவர்கள் வென்றது அது.

2008இல் அவருக்கு மீண்டும் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றினார்கள். குற்றம் யாருடையது என்று நாம் கேட்கிறோம். குடும்பத்துக்கு ஓய்வூதியம் கிடைக்க வழிசெய்யும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு அவர் மீன் சுமந்த சதுக்கத்தில் சிலை வைத்தார்கள். 2024இல் நாட்டின் வீரர்கள் பெயரேட்டில் அவரைச் சேர்க்கும் முயற்சியை எதிர்த்துக் கடற்படைத் தளபதியே நாடாளுமன்றக் குழுவுக்குக் கடிதம் எழுதினார்.