ஆறிய பின்னும் அகலாதது

காய்ச்சல் தணிந்த மறுநாள் உதட்டோரத்தில் ஒரு குறுகுறுப்பு. விரைவிலேயே நீர் கோத்த சிறு கொப்புளங்கள் எழுகின்றன. அவை உடைந்து, புண்ணாகி, பொருக்குத் தட்டி, பெரும்பாலும் 10 நாட்களுக்குள் தழும்பின்றி ஆறிவிடுகின்றன. சில மாதங்கள் கழித்து ஏறக்குறைய அதே இடத்தில் மீண்டும் தோன்றுகின்றன. இடைப்பட்ட காலத்தில் அந்நோய் எங்கே இருந்தது? இந்த எளிய கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெயர் மிகப் பழையது. 'ஹெர்பிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஊர்ந்து செல்வது என்று பொருள். ஹிப்போகிரட்டஸ் மரபினர் தோலில் படரும் பலவகைப் புண்களையும் இச்சொல்லால் குறித்தனர். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டில், சினமுற்ற மாப் என்னும் தேவதை மங்கையர் உதடுகளில் கொப்புளங்களை எழுப்புவதாக ஒரு பேச்சு உண்டு.

முதல் தடயம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாங்கொணா முகவலிக்காக முக்கிளை நரம்பில் அறுவை செய்துவந்த அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங், அறுவைக்குப் பின் சிலருக்கு முகத்தில் கொப்புளங்கள் தோன்றக் கண்டார். 1929இல் எர்னஸ்ட் குட்பாஸ்சர், நோய்க்கிருமி அந்நரம்பின் முடிச்சில் உறங்கிக் கிடக்கலாம் என்று கருதினார். சான்று 1971இல்தான் கிடைத்தது. ஜாக் ஸ்டீவன்ஸும் மார்ஜரி குக்கும், நோயிலிருந்து தேறிய எலிகளின் நரம்பு முடிச்சுகளை எடுத்து உடலுக்கு வெளியே பேணி வளர்த்தனர். அதுவரை காணப்படாத வைரஸ் அவற்றிலிருந்து வெளிப்பட்டது. அடுத்த இரண்டாண்டுகளுக்குள் இறந்த மனிதர்களின் முக்கிளை நரம்பு முடிச்சுகளிலும் அது கண்டறியப்பட்டது.

ஆக, புண் ஆறும்போது வைரஸ் அழிவதில்லை. நரம்பு முடிச்சில் ஒடுங்கிவிடுகிறது. காய்ச்சலோ கடும் வெயிலோ மன உளைச்சலோ எழுப்பினால், வந்த வழியே இறங்கி வருகிறது. 1970களில் உருவான அசைக்ளோவிர் மருந்து அதன் பெருக்கத்தைத் தடுக்கிறது. உறங்கும் வைரஸை அதனால் தொட இயலாது. அம்மருந்தின் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் 50 வயதுக்குட்பட்டோரில் சுமார் 380 கோடிப் பேர் இவ்வைரஸைச் சுமந்திருந்தனர். பலருக்கும் அது குழந்தைப் பருவத்தில், உறவினர் ஒருவரின் முத்தத்தில் வந்திருக்கக்கூடும். ஆகவே இதில் நாணுவதற்கு ஏதுமில்லை. ஆனால் உதட்டில் புண் இருக்கும் நாட்களில் பச்சிளங்குழந்தையை முத்தமிடாதிருப்பது நம் கடமை. பிறந்த சில வாரங்களே ஆன சிசுவுக்கு இத்தொற்று உயிருக்கே உலையாக முடியும்.