கண்ணகை என்னும் பெயர்



அரசர்களின் பெயரைக் கல்லும் செப்பேடும் காத்து வந்தன. எளிய குடிமக்கள் தம் பெண்மக்களுக்கு இட்ட பெயரைக் காத்தவை தாய்மாரின் நாவும் ஊர்க்கோயிலின் பாடலுமே. அவ்வாறு காக்கப்பட்ட பெயர்களுள் கண்ணகை என்பது ஒன்று. வன்னியிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் முதிய தலைமுறைப் பெண்களிடையே வழங்கும் இப்பெயரின் வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

'கண்ணகி என்பதே செம்மையான வடிவம். கண்ணகை என்பது நாட்டுப்புறத்தார் திரித்த கொச்சை' என்று கூறுவோர் உளர். சிலப்பதிகாரம் தன் தலைவியைக் கண்ணகி என்றே அழைக்கின்றது என்பது உண்மை. எனினும், சொல்லின் அமைப்பை நோக்குமிடத்து, கொச்சை எனத் தள்ளுவது முறையாகத் தோன்றவில்லை. கண் என்னும் சொல்லோடு நீர் சேரக் கண்ணீர் ஆகின்றது. அவ்வாறே கண்ணோடு நகை சேரக் கண்ணகை ஆகின்றது. நகை என்பது முறுவல். ஒளி என்றும் பொருள்படும். முறுவலிக்கும் கண்ணினள், ஒளிபொருந்திய கண்ணினள் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். இப்பொருள் கண்ணகி என்பதிலும் கண்ணகை என்பதிலேயே தெளிவாகப் புலப்படுகின்றதன்றோ? கேரள நாட்டில் இதே பெயர் கர்ணகி என வடமொழிச் சாயல் பெற்று வழங்குகின்றது. ஒரு பெயர் நாட்டுக்கு நாடு உருமாறுவது இயல்பே.

கண்ணை அடியாகக் கொண்டு பெண்ணுக்குப் பெயரிடும் வழக்கம் மிகப் பழையது. சங்கப் புலவர்களுள் ஒருவர் பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார். நல்ல என்னும் பொருள் தரும் நகரம் முன்னே நின்றமையால் கண்ணை என்பது நக்கண்ணை ஆயிற்று என்பர். மேலும், புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் வள்ளல் பேகனால் துறக்கப்பட்ட அவன் மனைவியின் பொருட்டுப் பாடப்பட்டவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவளுக்காகப் பரிந்து பேசினர். பாடல்களின் அடிக்குறிப்பு அவள் பெயரைக் கண்ணகி என்று தருகின்றது. கணவன் வேறொருத்தியை நாடிச் சென்றமையால் தனித்திருந்து வருந்திய பெண்கள் இருவர். இருவருக்கும் பெயர் ஒன்று. கோவலன் மனைவிக்கு மட்டுமே உரியதாய் இப்பெயர் இருந்ததில்லை என்பதை இதனால் அறிகின்றோம்.

காப்பியத்தில் வழக்குரைத்து வென்ற பின்னர் அவளுக்குப் பத்தினி என்னும் சிறப்புப் பெயர் வாய்க்கின்றது. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு கலந்துகொண்டதாகச் சிலப்பதிகாரம் கூறும். அவன் பத்தினியின் சிலம்பை இங்குக் கொணர்ந்தான் என்பது இராசாவலிய என்னும் சிங்கள நூலின் செய்தி. சிங்கள மக்களிடையே இயற்பெயர் பின்தங்கிச் சிறப்புப் பெயரே நிலைத்தது. அங்கு அவள் பத்தினி தெய்யோ, கோவலனோ பாலங்கன். கண்டிப் பெரகராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம் இன்றும் இடம்பெறுகின்றது. ஒரே பெண்ணை இரு மொழி மக்கள் இரு பெயரால் வணங்குவது இத்தீவின் வரலாற்றிலே போற்றத்தக்க ஒரு செய்தியாகும்.

தமிழர் பக்கத்தில் இயற்பெயர் மறையவில்லை. உ. வே. சாமிநாதையர் 1892 ஆம் ஆண்டிலே சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றுதற்கு நெடுங்காலம் முன்னரே, மட்டக்களப்பு மக்கள் கண்ணகி வழக்குரையை ஓதி வைகாசியிற் குளுர்த்தி செய்துவந்தனர். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடப்பட்டது. ஏட்டை அறியாதவரும் அவள் வழக்கை அறிந்திருந்தனர்.

வன்னியிலே இப்பெயரின் இருப்பிடம் நந்திக்கடலோரத்து வற்றாப்பளை. மதுரையை எரித்த சீற்றத்தோடு வந்த அம்மை பத்தாவதாகத் தங்கிய இடமாதலிற் பத்தாம்பளை எனப்பட்டு, அது வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊரார் கூற்று. மாடு மேய்த்த சிறுவர்முன் முதியவளாய் வந்தாள், பசி என்றாள், சிறுவர் புக்கை பொங்கிக் கொடுத்தனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லையெனக் கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாள். தலையிற் பேன் பார்க்கச் சொன்னபோது, அங்கே ஆயிரங் கண்களைக் கண்டு சிறுவர் திகைத்தனர். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கின்றது. நேயர்கள் ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். கண்ணை முதலாகக் கொண்ட பெயருடையாளுக்கு மக்கள் ஆயிரங் கண் அளித்திருக்கின்றனர். இலக்கணம் கல்லாதவர் ஒரு பெயருக்குக் கண்ட விளக்கமாக இக்கதையைக் கொள்ளலாமன்றோ?

ஆயினும் பெயருக்கும் இடர் வருவதுண்டு. 19 ஆம் நூற்றாண்டிலே ஆகம நெறியை வலியுறுத்திய சைவ மறுமலர்ச்சி யாழ்ப்பாணத்தில் ஓங்கியபோது, வணிகர் குலத்து மானிடப் பெண்ணை வணங்குதல் தகாது என்ற கருத்து எழுந்தது. அதனாற் கண்ணகை கோயில்கள் சில இராசராசேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. கோயிலிற் பெயர் மாறினால் தொட்டிலிலும் மாறுதல் இயல்பன்றோ?

பின்னர் வந்தது போர். 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் விசுவமடு உட்பட வன்னியின் இக்கிழக்குப் பகுதி ஊர்கள் வெறுமையாயின. மக்கள் நந்திக்கடலை அண்டிய ஒடுங்கிய நிலத்துக்குள் ஒதுங்கினர். உயிரோடு மீண்ட பலர் பத்திரங்களோடு மீளவில்லை. பின்னர்ப் படிகள் எடுக்கும்போது, ஒரே மூதாட்டி ஒரு பத்திரத்திற் கண்ணகை, மற்றொன்றிற் கண்ணகி, வேறொன்றிற் கண்ணகம்மா என மூவராய் நிற்பதைப் பாடசாலை அதிபர் என்ற முறையில் யான் கண்டிருக்கிறேன். காணி உறுதிக்கு உரியவள் தானே என்று மெய்ப்பிக்க அத்தகையோர் அலைய நேர்ந்தது. சிலம்பு என்னுடையது என்று நிறுவ அரசவை சென்றவளின் பெயரைத் தாங்கியவர், பெயர் என்னுடையது என்று நிறுவ அலுவலகங்களுக்குச் செல்கின்றனர்.

ஆதலின், எழுதுகோல் ஏந்தும் நாம் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சேர்வு இடாப்பில் ஒரு பெயரைப் பதியும்போது, அதனை உடையவர் எவ்வாறு சொல்கின்றாரோ, முதற் பத்திரம் எவ்வாறு கூறுகின்றதோ அவ்வாறே பதிதல் நன்று. திருத்துவதாக எண்ணி நாம் மாற்றும் ஓர் எழுத்து, ஒரு முதியவளின் நிலத்தைத் தடுக்கவும் கூடும். ஈராயிரம் ஆண்டு வழக்கொன்றின் தடத்தை அழிக்கவும் கூடும்.

இன்று பிறக்கும் பெண்குழந்தைகளுக்கு எண்கணிதம் பார்த்துப் பொருள் விளங்காத பெயரிடுவோர் பெருகிவிட்டனர். அவரவர் விருப்பத்தை யாம் மறுக்கவில்லை. எனினும், பாட்டியின் பெயர் என்னவென்று பேத்தி கேட்கும்போது, முகஞ்சுளிக்காமல் 'கண்ணகை' என்று சொல்லி, அதன் பொருளையும் எடுத்துரைத்தல் பெற்றோர் கடனாகும். முறுவலிக்கும் கண்ணினள் என்பதினும் இனிய பெயரை எந்த எண்கணிதம் தரவல்லது?