கையொப்பமில்லாத உயில்

1798ஆம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டிலே, சஃபோக் வட்டாரத்திலே, வில்லியம் ஜென்னன்ஸ் எனும் செல்வச் சீமான் மாண்டார். பட்டம் பெறாத குடிமக்களிலே அவரே பெரும் பணக்காரர் என்று நாடு பேசிற்று. மனைவி இல்லை, மக்களும் இல்லை. சட்டைப் பையிலே உயில் இருந்தது. உயிலிலே கையொப்பம் இல்லை! கையொப்பமிட வழக்கறிஞரிடம் சென்றவர், மூக்குக் கண்ணாடியை மறந்ததால் வாளா திரும்பினார் என்பது வழங்கிவரும் கதை.

விளைவு? உறவு கொண்டாடுவோர் ஊர்தோறும் முளைத்தனர். சான்சரி நீதிமன்றத்திலே வழக்கின்மேல் வழக்கு! நூறாண்டு கடந்தும் அது ஓயவில்லை. கோடி கிட்டுமென்று நம்பிய ஏழை எளியோரின் கைப்பொருளும் கரைந்தது.

சான்சரியின் சீர்கேட்டைச் சார்லஸ் டிக்கன்ஸ் 1852-53இல் ‘பிளீக் ஹவுஸ்’ புதினத்திலே சாடினார். 1875இல் அம்மன்றம் தனித்தியங்கும் நிலை ஒழிந்தது. எழுதுகோல் எழுப்பிய கேள்விக்குச் சட்டம் விடை தந்தது!

இங்கோ, உயில் எழுதினால் உயிர் போகும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். எழுதாதவர் சாவதில்லையா? 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்குப் பொதுவாக வேண்டுவன எழுதுவோரின் கையொப்பமும், இரு சாட்சிகளின் கையொப்பமுமே. நாள் பார்க்க வேண்டா; நல்ல நேரம் தேட வேண்டா.

இளைஞர்களே! வழக்கை வளர்ப்பவரை நாடாதீர். வழக்கே எழாவண்ணம் எழுதித் தரும் வழக்கறிஞரை நாடுங்கள். கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். தாம் ஈட்டிய பொருளில் மகளுக்கும் பங்கெழுதுமாறு பெற்றோரிடம் கூறுங்கள். அச்சம் அகன்றால் அறிவு கையொப்பமிடும்!