ஜாவாக் கம்பத்தின் முற்றம்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்டெல் நிறுவனத்தின் முகவரி ‘ஹாலாமான் கம்போங் ஜாவா’. அதைச் சுற்றி லெபோராயா கம்போங் ஜாவா, லிந்தாங் கம்போங் ஜாவா என்று இன்னும் சில சாலைகள் இருக்கின்றன. ‘ஹாலாமான்’ இங்கே தெருவுக்கு வைக்கும் வகைப்பெயர்தான். ஆனால் மலாயில் அதன் நேர்ப்பொருள் வீட்டு முற்றம். கம்போங்கை நம் ஆட்கள் கம்பம் என்பார்கள். அப்படிப் பார்த்தால், உலகின் பெரிய சில்லு நிறுவனங்களில் ஒன்று ஜாவாக் கம்பத்தின் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நானும் இதே தொழிற்பேட்டையில்தான் பொறியாளராக வேலை செய்கிறேன். தினமும் அந்தப் பச்சைப் பலகைகளைக் கடந்து போகிறேன். “இங்க கம்பம் எங்க இருந்துச்சு?” என்று உடன் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். “பேருதானே, விடுங்க” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஆனால் பெயரை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. பினாங்கு தன் தொழில்துறை வரலாற்றைச் சொல்லும் விதத்துக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு முரண்பாடு இருக்கிறது.

பினாங்கின் தொழில்மயக் கதை நமக்கெல்லாம் பாடமாகவே தெரியும். 1960களின் இறுதியில் தீவு தன் சுதந்திரத் துறைமுக நிலையை இழந்தது. வேலையில்லாதோர் ஏறக்குறைய 15 விழுக்காடு. 1967 நவம்பரில் பவுண்டு மதிப்பிறக்கத்தைத் தொடர்ந்து நடந்த கடையடைப்பு கலவரமாக மாறியது. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். ராபர்ட் நேத்தன் என்ற அமெரிக்க ஆலோசனைக் குழு 1970இல் கொடுத்த அறிக்கை, ஏற்றுமதித் தொழிற்சாலைகளே வழி என்றது. 1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் வட்டாரம். இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, லிட்ரோனிக்ஸ், கிளாரியன், போஷ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்’ என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். இன்டெலுக்கு அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் தொழிற்சாலை இதுதான்.

இந்தக் கதை தவறாமல் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். “அப்போது இங்கே வெறும் நெல்வயல்.” நிறுவன ஆண்டுவிழாக் காணொளி, அமைச்சர் உரை, பத்திரிகைச் சிறப்பிதழ் எல்லாவற்றிலும் அந்த வயல் வரும். அதில் ஆள் இருக்க மாட்டார்.

நெல்வயல் தானாக முளைப்பதில்லை. வரப்பு போட, தண்ணீர் கட்ட, நாற்று நட, அறுக்க ஆள் வேண்டும். ஆள் இருந்தால் வீடு இருக்கும், தொழுமிடம் இருக்கும், கல்லறை இருக்கும். ‘வெறும் நெல்வயல்’ என்ற வாக்கியமே பொருந்தாத ஒன்று. அதே வயலின் மேல் நிற்கும் சாலைப் பலகை ‘இது ஒரு கம்பம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. யாருடைய கம்பம் என்பதையும் அதுவே சொல்கிறது.

ஜாவா தமிழுக்குப் புதிய பெயர் இல்லை. மணிமேகலையில் அது சாவகம். ஆபுத்திரன் மறுபிறப்பில் புண்ணியராசனாக ஆள்வது சாவக நாட்டின் நாகபுரத்தில். 13ஆம் நூற்றாண்டில் தாமிரலிங்கத்து அரசன் சந்திரபானு இலங்கைமீது படையெடுத்தான். அவனோடு வந்தவர்களைச் சாவகர் என்றார்கள். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியின் பெயர் அவர்களிடமிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. தமிழர் ஊருக்குள்ளேயே ஒரு ஜாவாக் கம்பம்! ஆனால் தாமிரலிங்கம் இருந்தது இன்றைய தென் தாய்லாந்தில், ஜாவாத் தீவில் இல்லை. அதாவது சாவகர் என்பது தீவுக்கூட்டத்து மக்கள் அனைவருக்கும் பொதுவாக வழங்கிய பெயர். மெக்காவிலும் இதே வழக்கம்தான், இந்தப் பகுதியிலிருந்து போன யாத்ரீகர்கள் எல்லாரும் அங்கே ‘ஜாவி’கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் ஆண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த சமூகத்தை ‘ஜாவி பெரானாக்கான்’ என்றார்கள். அந்தப் பெயருக்குள் நம் இரத்தமும் கொஞ்சம் ஓடுகிறது.

ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களில் பல வகையினர் உண்டு. ஹஜ் பயணத்துக்குப் பினாங்கு வழியாகப் போனவர்கள், வியாபாரிகள், சொந்தமாக நிலம் திருத்திக் குடியேறியவர்கள், தோட்ட ஒப்பந்தக் கூலிகள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழர்களோடு ஜாவாக்காரர்களும் வேலை செய்தார்கள். மலாக்கா, கிள்ளான் என்று மேற்குக் கரையில் பல இடங்களில் கம்போங் ஜாவா என்ற பெயர் இருப்பது இதனால்தான்.

காலனிய மக்கள்தொகைக் கணக்கில் ஜாவாக்காரர், பாஞ்சாரியர், பாவியானியர் என்று தனித்தனியாக எண்ணினார்கள். 1957இல் எழுதப்பட்ட அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு வேறொரு கதவைத் திறந்தது. இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கத்தை அனுசரித்தால் மலாய்க்காரர். ஜாவா வம்சத்தினர் அந்தக் கதவு வழியாக உள்ளே போனார்கள். பெரும்பாலோருக்கு அது நஷ்டமும் இல்லை. என்னோடு வேலை செய்யும் ஒரு மலாய்த் தோழி சொல்வார், “என் பாட்டி ஜாவாவிலதான் திட்டுவாங்க, எங்களுக்குத் திட்டு மட்டும் புரியும்.” மூன்று தலைமுறையில் ஒரு மொழி வீட்டுத் திட்டாகச் சுருங்கிவிட்டது. இன அடையாளம் மலாயில் கலந்தது, வயல் ஆலைக்குள் போனது. மிஞ்சியது சாலைப் பெயர்.

ஆலைகள் வந்ததைக் கெட்ட கனவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பெரியம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து பதினெட்டு வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். தொழிற்சாலை பஸ், மூன்று ஷிப்ட், நாள் முழுக்க நுண்நோக்கியில் குனிந்தபடி தங்கக் கம்பி இணைக்கும் வேலை. கண் வலி இன்னும் இருக்கிறது. ஆனாலும் “பால்மரத்துக்கு அது எவ்வளவோ மேல்” என்றுதான் சொல்வார். அவர் சம்பளத்தில் இரண்டு தம்பிகள் படித்தார்கள். அந்தக் காலத்து ஆலைப் பெண்களை, முக்கியமாக மலாய்ப் பெண்களை, ‘மீனா காரான்’ என்று கேலி செய்தார்கள். காரான் என்றால் நம் வீட்டுக் கரண்ட்தான். நாட்டின் ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்திய பெண்களுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. 1988இல்தான் மின்னியல் ஆலைகளில் தொழிற்சங்கத்துக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் அந்தந்த ஆலைக்குள் மட்டும்.

கம்பத்துக்கும் ஆலைக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை ஆழமாக எழுதியவர் பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங். அவர் ஆய்வு செய்த இடம் பினாங்கு அல்ல, சிலாங்கூரின் கோலா லங்காட். அங்கே ஜாவா வம்சத்தினர் நிறைய வாழும் ஒரு கம்பத்துக்கு ‘சுங்கை ஜாவா’ என்று புனைபெயர் கொடுத்தார். பக்கத்திலேயே ஒரு தடையற்ற வாணிப வட்டாரம், அதில் ஜப்பானிய ஆலைகள். காப்பியும் தென்னையும் ரப்பரும் வளர்த்த குடும்பங்களில் நிலம் பங்குபட்டுச் சிறுத்துப்போக, மகள்கள் ஆலைக்குப் போனார்கள். 1987இல் வந்த அவருடைய நூலில் அதிகம் பேசப்படுவது பேய் பிடித்த சம்பவங்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பெண் அலறுவார், அது அடுத்தடுத்த மேசைகளுக்குப் பரவும். 1978இல் சுங்கை வேயில் ஓர் அமெரிக்க ஆலையில் ஏறக்குறைய 120 பெண்களுக்கு இப்படி ஆனதால் மூன்று நாள் ஆலையை மூடி, பொமோவை அழைத்து ஆடு வெட்டினார்கள்.

நிர்வாகங்கள் இதை ‘ஹிஸ்டீரியா’ என்றன, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பின. ஓங் அதை எதிர்ப்பின் மொழியாகப் படித்தார். வாய்விட்டுச் சொல்ல முடியாத களைப்பும் அவமானமும் இன்னொரு குரலில் வெளியே வருகின்றன என்றார். எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பெண்களும் கம்பத்தாரும் சொன்ன காரணம் யோசிக்க வைக்கிறது. ஆலை நிற்கும் இடம் முன்பு காடு, கல்லறை. அங்கே குடியிருந்தவற்றிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அதனால் கோபம். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று சொன்ன இடத்தில் ‘இருந்தது’ என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். அந்தக் கத்தல் எந்த ஆண்டுவிழாக் காணொளியிலும் கிடையாது.

தமிழர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. தொழிற்பேட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், குளுகோரில், கம்போங் புவா பாலா இருந்தது. மாடு வளர்த்த தமிழ்க் குடும்பங்களின் கம்பம். மாடுகளைப் பார்த்து ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரால் ‘ஹை சாப்பரல்’ என்றும் அழைத்தார்கள். நிலம் கைமாறி, வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போய்த் தோற்று, 2009 செப்டம்பரில் கடைசி வீடுகள் இடிக்கப்பட்டன. பலருக்கு மாற்று வீடு தரப்பட்டது. மாடுகளுக்கு மாற்று இடம் இல்லை. பல தலைமுறையாகக் குடியிருந்தும் அவர்கள் கையில் பட்டா இல்லை. சட்டத்தின் கண்ணில் அதுதான் ‘காலி நிலம்’. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம்கூட நிலத்தில் சட்டப்படி உரிமை உள்ளவர்களுக்குத்தான் இழப்பீடு பேசும். பினாங்கில் அடுத்தவர் நிலத்தில் தரை வாடகை கொடுத்து வீடு கட்டி வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் மனிதாபிமானத் தொகைக்குக் காத்திருக்க வேண்டியவர்கள்தான்.

தோட்டங்களும் அப்படியே. மூடப்பட்டுப் பல வருஷம் ஆன தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் நாடெங்கும் உண்டு. பள்ளியின் பெயரில் ‘லாடாங்’ இருக்கும், சுற்றிலும் அடுக்குமாடியோ தொழிற்பேட்டையோ இருக்கும். கரும்பும் பிறகு செம்பனையும் விளைந்த பத்து காவான் இன்று பினாங்கின் அடுத்த பெரிய தொழிற்பேட்டை. இன்னும் ஐம்பது ஆண்டில் யாராவது அங்கே நின்று ‘அப்போது இங்கே வெறும் செம்பனை’ என்று உரையாற்றுவார்கள். செம்பனையை வெட்டியவர் யார் என்பது அந்த உரையில் இருக்காது.

இது பழைய கதைக்கான வருத்தம் மட்டும் அல்ல. பாயான் லெப்பாஸில் நிலம் தீர்ந்துவிட்டது. அதனால் இப்போது தீவின் தெற்கே கடலைத் தூர்க்கிறார்கள். மூன்று தீவுகளாகத் திட்டமிட்டு, 2023இல் ஒரே தீவாகக் குறைத்து, அதே செப்டம்பரில் வேலையைத் தொடங்கினார்கள். 2,300 ஏக்கர், பெயர் ‘சிலிக்கான் தீவு’. பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் மீனவர்கள் பல வருஷமாக எதிர்த்தார்கள். அங்கே இறாலும் நண்டும் எந்தப் பருவத்தில் எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வரைபடத்தில் அது நீல நிறம் மட்டும். வயலில் ஆளைக் காணாத அதே கண், இப்போது கடலிலும் ஆளைக் காணவில்லை. தீவு உருவாகிச் சாலைகள் போட்ட பிறகு, ஏதாவது ஒரு சாலைக்கு அந்தக் கம்பங்களின் பெயரை மரியாதையாக வைப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆலையில் எங்களுக்கு ஒரு கட்டாய நடைமுறை உண்டு. ஓர் இயந்திரத்தையோ செய்முறையையோ மாற்றும் முன், இப்போது இருக்கும் நிலையை அளந்து, படமெடுத்து, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘மாற்றத்துக்கு முன்’ என்ற பத்தி காலியாக இருந்தால் மாற்றத்துக்கு அனுமதி கிடையாது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. ஒரு திருகாணிக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை ஓர் ஊருக்குக் கொடுக்க நாம் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்? தெற்குக் கரையில் இன்று மீனவர்கள் இருக்கிறார்கள், வலைகள் இருக்கின்றன, மீன்களுக்கும் நீரோட்டங்களுக்கும் அவர்கள் வைத்த பெயர்கள் இருக்கின்றன. அதை எழுதிவைக்க இப்போதும் நேரம் இருக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் தமிழர்களின் கம்பத்தை மட்டும் எழுதினால் போதாது. ஜாவாக் கம்பத்தின் முற்றத்தில் சம்பளம் வாங்கித்தான் என் பெரியம்மா தம்பிகளைப் படிக்க வைத்தார், நானும் அங்கேதான் வாங்குகிறேன். அந்தக் கணக்கில் நமக்கும் ஒரு பாக்கி இருக்கிறது.